துண்டிக்கச் சொன்ன போன்

வீட்டு இணைப்பில் கடை நடத்தினால், நேரில் ஆய்வு செய்து, எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து, பதில் சொல்ல அவகாசம் விட்ட பிறகுதான் மின்சாரத்தைத் துண்டிக்கலாம். விதி இதுதான். தொண்ணூறுகளின் நடுவில் மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு மின்சார அலுவலகத்தில் நான் அசெஸ்மென்ட் இன்ஸ்பெக்டர். ஒரு நாள் விதிக்குப் பதிலாக ஒரு போன் வந்தது.

"ஆழ்வார்பேட்டையில ஒரு கார் ஷெட்ல வாசகசாலை நடத்துறாங்களாம். அரசாங்கம்னு ஒண்ணே வேண்டாம்னு சொல்ற புத்தகங்களாம். கமர்ஷியல்னு போட்டு இன்னிக்கே கட் பண்ணிடுங்க" என்றார் எங்கள் உதவிப் பொறியாளரான ஏ.இ.

"போன்ல யாரு சார்?"

"மேல இருந்து."

எங்களுக்கு மேலே மாடியில் கேன்டீன்தான் இருந்தது. லைன்மேனைக் கூட்டிக்கொண்டு போனேன்.

ஷெட்டில் புத்தக அலமாரிகள், ஒரு ஜெராக்ஸ் மெஷின், தரையில் உட்கார்ந்து மனு எழுதும் ஏழெட்டுப் பேர்.

"இங்க பொறுப்பு யாரு?"

"தனியா யாரும் கிடையாது சார். எல்லாரும்தான்" என்றார் கண்ணாடி போட்ட ஓர் இளைஞர்.

இப்படிப் பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை. பொறுப்பாளர் இல்லாத இடத்தில் நோட்டீஸை யாரிடம் கொடுப்பது? அவரும் என்னை நம்பவில்லை. நான் எங்கே நகர்ந்தாலும் கூடவே நகர்ந்தார்.

அடையாற்றங்கரைக் குடிசைப் பகுதியிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா, லைன்மேன் கையிலிருந்த கட்டிங் பிளேயரைப் பார்த்துவிட்டார்.

"இன்னா சார், கரண்ட்ட புடுங்க வந்துகிறியா? எங்க குட்சைங்கள இடிக்கிறதுக்கு நாளைக்கி விசாரண. எங்க மனு மொத்தமும் இந்த மெஷின்லதான் காப்பி ஆவுது. கட் பண்ணிட்டு, எங்களுக்கு நீயே ஊடு பாத்துக் குடு."

நான் விற்பனையைத் தேடினேன். ஒரு புத்தகத்தை எடுத்து விலை கேட்டேன்.

"விலை இல்ல சார். படிச்சிட்டு வேற யாருக்காவது குடுத்துடுங்க" என்றார் இளைஞர்.

"ஜெராக்ஸ்?"

"பேப்பர் கொண்டு வந்தா போதும்."

பொய்யாக இருக்கும் என்று அந்த அம்மாவைத் தனியே அழைத்து விசாரித்தேன்.

"காசா? டீயே இவங்கதான் குடுத்தாங்க நைனா. ரெண்டாவது டீ கேட்டேன், நீயே போட்டுக்கோன்னுட்டாங்க. இங்க மொதலாளி கெடையாதாம்."

விற்பனை இல்லையென்றால் கமர்ஷியல் இல்லை. ஃபியூஸைத் தொடாமல் திரும்பினோம். எந்த விதியின் கீழ் துண்டிப்பது என்று மேலிடத்துக்குக் குறிப்பு எழுதினேன்.

"நீங்களும் அவங்க ஆளா?" என்றார் ஏ.இ.

"நீங்க எழுத்துல ஆர்டர் குடுங்க சார், இப்பவே கட் பண்றேன்."

அவர் பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டார்.

மறுநாள் மனுக்கள் போய்ச் சேர்ந்தன. இடிப்புக்குத் தடை கிடைத்தது. அந்தப் போன் யாருடையது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்வேன்: வாய்மொழி உத்தரவு வந்தால் முதலில் பெயரைக் கேளுங்கள். பெயர் வராவிட்டால் பிளேயரைக் கையில் எடுக்காதீர்கள்.

என் குறிப்புக்கு, "விதிப்படி நடவடிக்கை எடுக்கவும்" என்ற பதில் வந்து சேர்ந்தது, மறு வருஷம் போகியன்று.