ஞாயிற்றுக்கிழமை கழற்றிய சக்கரம்

பல்ராம் இருபது வருடமாகக் கரும்பு வெட்டும் கும்பலுக்குச் சர்தார், அதாவது தலைவர். லவுத்தோக்கா நகரத்துக்கு வெளியே, கரும்பு ரயில் பாதையை ஒட்டிய குடியிருப்பில் யார் வயலை எந்த நாள் வெட்டுவது என்று முடிவு செய்பவர் அவர்தான். வயலின் இந்தக் கோடியில் நின்று கத்தினால் மறுகோடியில் வெட்டுகிறவன் நிமிர்ந்து பார்க்க வேண்டும், அப்படியொரு குரல். வீட்டுக்குள் வந்தாலும் அந்தக் குரலை வாசலில் கழற்றி வைக்கும் வழக்கம் அவருக்கு இல்லை.

குரலுக்குத் துணையாக ஒரு மோட்டார் சைக்கிள். சேற்றிலும் ஓடைத் தண்ணீரிலும் ஓடி ஓடி அதன் முன்சக்கரத்துப் பேரிங் தேய்ந்து, அந்த வருடம் ஜூலையிலிருந்தே ஊளையிட ஆரம்பித்திருந்தது. அரை மைல் தூரத்தில் அந்த ஊளை கேட்டதுமே கும்பல்காரர்கள் சிகரெட்டை அணைத்துவிட்டுக் கத்தியைக் கையில் எடுத்துவிடுவார்கள். அண்ணன் வருவதற்கு முன்னால் அண்ணனுடைய சக்கரம் வந்துவிடும் என்று தம்பி ஷைலேந்திரா கேலி செய்வான். பல்ராம் ஆகஸ்டிலேயே புதுப் பேரிங் இரண்டு வாங்கிவிட்டார். வாங்கியதோடு வேலை முடிந்ததாக நினைத்தாரோ என்னவோ, அவை சாமி அலமாரியில் கற்பூர டப்பாவுக்குப் பக்கத்தில் நான்கு மாதமாகக் குடியிருந்தன.

அது 1987. மே மாதம் ஒரு முறை, செப்டம்பரில் இன்னொரு முறை, இந்தியர்கள் கை ஓங்கக் கூடாதென்று அந்தத் தீவு நாட்டின் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அதன் பிறகு எந்த இந்தியர் வீட்டுக்குப் போனாலும் ஒரே பேச்சு: யார் கனடாவுக்கு, யார் சிட்னிக்கு, யாருக்குக் கடிதம் வந்தது. பள்ளிக்கூட வாத்தியாரான ஷைலேந்திராவுக்கு ஆக்லாந்திலிருந்து வந்தது. அவனுக்கு ஒன்பது வயதில் அப்பா இறந்துபோனார். அதற்குப் பிறகு அவனை வளர்த்து, படிக்க வைத்து, கல்யாணமும் செய்து வைத்தவர் பல்ராம். தீபாவளிக்கு அடுத்த வாரம் சாப்பிடும்போது அவன் விஷயத்தைச் சொன்னான். பல்ராம் தட்டிலிருந்து நிமிரவே இல்லை.

"போறதுன்னா போ" என்றார்.

பரிமாறிக்கொண்டிருந்த அவர் மனைவி ஜான்கியின் கை அப்படியே நின்றது. கடைக்குப் போகிறவனைக்கூட யாரும் வெறும் 'போ' என்று அனுப்புவதில்லை. 'போயிட்டு வா' என்றுதான் சொல்வார்கள். அந்த 'வா'வை அண்ணன் வேண்டுமென்றே விழுங்கிவிட்டார் என்பது தம்பிக்கும் புரிந்தது. பாதிச் சாப்பாட்டில் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு போனவன் அதற்குப் பிறகு வீட்டுப் பக்கம் வரவில்லை.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவன் மனைவி உர்மிளா நாந்தியிலிருந்து தனியாக டாக்சியில் வந்தாள். மூத்தவர்கள் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு விமானம், ஆறரைக்குள் உள்ளே போய்விடுவோம் என்றாள். ஷைலேந்திரா அனுப்பினானா என்று ஜான்கி கேட்டதற்கு, இல்லை, நானாகத்தான் வந்தேன் என்றாள்.

அவள் போன பிறகு ஜான்கி கேட்டாள். "போவீங்களா?"

பல்ராம் எழுந்தார். வெளியே போய் மோட்டார் சைக்கிளை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினுக்கு அடியில் ஒரு மரப்பெட்டியைக் கொடுத்து முன்சக்கரத்தைத் தூக்கினார். சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். ஆடும் பல் மாதிரி லடக் லடக்கென்று ஆடியது. ஃபோர்க்கில் ஒரு கையை வைத்துக்கொண்டு சக்கரத்தைச் சுழற்றினால் மணலை அரைப்பதுபோல் கையில் நறநறவென்று ஏறியது. நாந்தி விமான நிலையம் பதினைந்து மைல். அதற்குள் பேரிங் உடைந்து சக்கரம் இறுகிக்கொண்டால் தலைகுப்புற விழ வேண்டியதுதான். திங்கட்கிழமை முதல் பஸ்ஸோ ஆறு மணிக்கு மேல்தான், அத்தனை காலையில் டாக்சியும் கிடைக்காது. ஜான்கி தன் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டதென்று புரிந்துகொண்டு, சாமி அலமாரியிலிருந்து பேரிங்கை எடுத்து வந்து கொடுத்தாள். அதை பிரிட்ஜில் ஐஸ் பிடிக்கிற தட்டில், மீனுக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார். குளிர்ந்தால் இரும்பு கொஞ்சம் சுருங்கும்.

இருட்டிவிட்டது, மற்ற வேலை காலையில்தான். சிக்கல் என்னவென்றால் மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. புதிய ஆட்சியின் சட்டப்படி ஞாயிறு அன்று பஸ் கிடையாது, டாக்சி கிடையாது, கடை கிடையாது, எந்த வேலையும் செய்யக் கூடாது. கூரைத் தகரத்தில் ஆணி அடித்த ஒருவரை முந்தைய வாரம் பிடித்துக்கொண்டு போய், சாயங்காலம் வரை உட்கார வைத்தார்கள் என்று பேச்சு. பல்ராம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், பாலத்தடியில் சிப்பாய்கள் நின்றார்கள். பழைய பேரிங்கோ சுத்தியலால் அடிக்காமல் வெளியே வராது.

காலையில் அடுப்படிக் கொட்டகைக்குள் சாக்கை விரித்து, சக்கரத்தை இரண்டு கட்டைகளின் மேல் படுக்க வைத்தார். தூசி ரப்பரை நெம்பி எடுத்தார். நடு ஓட்டைக்குள் கம்பியை விட்டு, உள்ளே இருக்கிற குழாயைச் சற்றுத் தள்ளி, அடிப்பக்கத்துப் பேரிங்கின் விளிம்பில் கம்பி முனையைப் பதித்தார். சுத்தியலில் துணி சுற்றி அடித்துப் பார்த்தார். சத்தம் வரவில்லை, பேரிங்கும் வரவில்லை.

அப்போதுதான் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், தேவாலயத்தில் லாலி அடித்தார்கள். குடைந்த மரத்தில் இரண்டு தடிகளால் அடிக்கும் பெரிய முரசு அது. ஞாயிறு காலை இரண்டு தடவை அடித்து ஊரை ஜெபத்துக்குக் கூப்பிடுவார்கள். பல்ராம் துணியை உருவி எறிந்துவிட்டு, லாலியின் அடியோடு அடியாகச் சுத்தியலை இறக்கினார். டொம், டொம். கம்பியை விளிம்பு முழுக்க மாற்றி மாற்றி வைத்து அடித்தார். பேரிங் பாதி நகர்ந்தபோது லாலி நின்றது. அரை மணி நேரம் சுத்தியலோடு வேர்வையில் உட்கார்ந்திருந்தார். இரண்டாவது லாலியில் அது விழுந்தது. சக்கரத்தைப் புரட்டிப் போட்டு அடுத்ததில் ஆரம்பித்தார். அது பாதியில் இருக்கும்போது லாலி மறுபடி நின்றுவிட்டது. ஜெபம் ஆரம்பித்துப் பாட்டும் கேட்டது. இனி அடுத்த ஞாயிறுதான். தன்னுடைய நான்கு மாதச் சோம்பலைத் தானே வாய்விட்டுத் திட்டிக்கொண்டார்.

பாட்டு முடிந்ததும் லாலி மூன்றாவது தடவை அடித்தது. அப்படி ஒருநாளும் அடித்ததில்லை. ஏன் என்று யோசிக்க நேரமில்லை, அடித்தார். பேரிங் சாக்கில் விழுந்தது. அவர் நிறுத்தின பிறகு லாலி இன்னும் நாலு அடி அடித்துவிட்டு ஓய்ந்தது.

லாலி அடிப்பவர் மெசாக்கே, அந்த மண்ணின் பூர்வகுடி. பத்து வருடம் பல்ராமின் கும்பலில் கரும்பு வெட்டியவர். முன்பெல்லாம் சனிக்கிழமை தவறாமல் இரண்டு பேரும் ஒரே பாயில் உட்கார்ந்து யங்கோனா என்ற வேர்ப் பானம் குடிப்பார்கள். மே மாதத்துக்குப் பிறகு, யார் என்ன நினைப்பார்களோ என்று இருவருமே ஒதுங்கிவிட்டார்கள். அன்று மத்தியானம் ஜெபம் முடிந்து பைபிளோடு போனவர் வேலியருகே நின்றார். சுத்தியல் சத்தம் கேட்டது, பேரிங் வந்ததா என்று இந்தியில் கேட்டார். வந்துவிட்டது என்றார் பல்ராம்.

"மூணாவது வாட்டி ஏன் அடிச்சேன்னு போதகர் கேட்டாரு. ஒருத்தர் இன்னும் வரலைன்னு சொன்னேன்" என்றார் மெசாக்கே, சிரிக்காமல்.

பல்ராம் வேலிக்குப் பக்கத்தில் வந்தார். சனிக்கிழமை வா என்று மட்டும் சொன்னார். மெசாக்கே தலையாட்டிவிட்டுப் போனார்.

மாட்டுவதற்குச் சுத்தியல் தேவைப்படவில்லை. ஜான்கி கெட்டிலிலிருந்து கொதிக்கிற தண்ணீரைச் சக்கரத்தின் நடுவில் ஊற்றினாள். அவர் அதைத் துடைத்துவிட்டு, பிரிட்ஜிலிருந்து எடுத்த பேரிங்கை நேராக வைத்து, உள்ளங்கையால் அழுத்தினார். ஒரு குழாய்த் துண்டை வெளி விளிம்பில் வைத்துத் தன் பாரம் முழுவதையும் கொடுத்தார். வழுக்கிக்கொண்டு உட்கார்ந்தது. புரட்டி, நடுக்குழாயை மறக்காமல் போட்டு, கிரீஸ் தடவி இரண்டாவதையும் இறக்கினார். சக்கரத்தை மாட்டிச் சுழற்றியபோது ஒரு முனகல்கூட இல்லை. நிஜமாகவே சுற்றுகிறதா என்று குனிந்து பார்த்தார்.

திங்கட்கிழமை நாலரைக்கு எழுந்தும், கைவிளக்கைத் தேடி, சட்டையைத் தேடி, ஐந்தேகாலுக்குத்தான் கிளம்பினார். பாலத்தில் சிப்பாய் வண்டியின் கருவிப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுப் போக விட்டான். வழியெல்லாம் கரும்பு லாரிகள். விமான நிலைய வாசலில் வண்டியை நிறுத்தும்போது ஆறு நாற்பது. உர்மிளாவும் பிள்ளைகளும் உள்ளே போய்விட்டார்கள். ஷைலேந்திரா மட்டும் வெளியே, முதுகைக் காட்டி நின்றவன், குனிந்து பையை எடுத்துக் கதவைப் பார்த்து நடந்தான். பல்ராம் ஓடிப்போய் அவன் தோளைத் தொட்டார்.

திரும்பியவனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "எப்பண்ணே வந்தீங்க? அஞ்சரையிலேருந்து காதை வச்சிக்கிட்டு நிக்கிறேன். சக்கரச் சத்தமே கேக்கல. நீங்க வரமாட்டீங்கன்னு முடிவே பண்ணிட்டேன்."

"பேரிங் மாத்திட்டேன்" என்றார் பல்ராம்.

வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தது அதுவல்ல. மறுபடி வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

"என்னாண்ணே?" என்று தம்பி குனிந்தான்.

"போயிட்டு வா" என்றார், வயலின் மறுகோடிக்குக் கேட்கிற அந்தச் சர்தார் குரலில். வாசலில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.