அக்கா ஊட்டு மேல பறந்தோம்

நம்ம ஊட்டுல மாவு மில்லு ஓடுதுன்னா தெருவுல பேசிக்கறாங்க? அட, அது பிளேன் சத்தம் புள்ள. கம்பெனி விட்டு வந்ததும் என்ற பையன் கம்ப்யூட்டர்ல ஓட்டறது. நாப்பத்தஞ்சு வயசாச்சு, இன்னும் வெளையாட்டு போகல. பழைய சாமான் எடுக்கற ஆக்ரிக் கடையில ஒரு கார் சீட்ட வாங்கியாந்து, ஸ்டேரிங்கு, காலுக்கு மிதிக்கட்டை, செவுரு அகலத்துக்கு டிவின்னு ஒரு ரூமையே அடைச்சு வெச்சிருக்கறான். பிளேன்னா இப்பத்த பெருசு இல்ல. நம்ம அப்பாரு காலத்து ஒத்தை விசிறி, ரெண்டே பேருதான் உக்காரலாம்.

போன ஆடியில, மலை மேல காந்தலூர்ல இருக்கற என்ற அக்கா நெஞ்சுச் சளி வந்து படுத்துட்டா. ஆசுபத்திரியில இருந்து ஊட்டுக்கு வந்த பொறவு தெனமும் போன்ல, ஒருக்கா வந்து பாத்துட்டுப் போ அம்மிணின்னு கேப்பா. எனக்கு அந்த மலை ரோடு ஆகாது. சின்னார் தாண்டுனா வளைவுக்கு வளைவு வாந்திதான். ஒருக்கா கண்டக்டர் சட்டை மேலயே எடுத்துப்போட்டேன். பாவம், அந்த மனுசன் எனக்கே எலுமிச்சங்காய் வாங்கிக் குடுத்தாரு. மழை உடட்டும், பையனுக்கு லீவு கெடைக்கட்டும்னு தள்ளிக்கிட்டே வந்தேன்.

ஒரு நாளு பையன், வாங்கம்மா, பெரியம்மா ஊட்டுக்குப் பறந்தே போயிட்டு வரலாம்னு பக்கத்துல ஸ்டூலப் போட்டான். கோயமுத்தூர்ல கெளம்புனோம். பிளேனு மூக்கு வானத்தப் பாத்துக்கிட்டு நிக்குது, முன்னால ஒண்ணுமே தெரியல. பக்கவாட்டுல எட்டிப் பாத்துத்தான் ஓட்டணுமாமா. வாலு மேல தூக்குன பொறவுதான் ரோடே கண்ணுக்குத் தெரிஞ்சுது. பொள்ளாச்சி, உடுமலை, அமராவதி டேமு, எல்லாம் நம்ம காலுக்கடியில புள்ள. நடுவுல எஞ்சினு இருமுச்சு. மேல போனா குளிருல அதுக்கும் அடைச்சுக்குமாமா. என்னமோ குமிழ இழுத்துச் சூடு காட்டுனான், சரியாப் போச்சு. வாந்தி வராம நான் மலை ஏறுனது அன்னைக்குத்தான். அதா பெரியம்மா ஊடுன்னு பொட்டியாட்டம் ஒண்ணக் காட்டுனான். டிவியப் பாத்து நானும் கையக் காட்டுனேன்.

அந்தச் சந்தோசத்துல அக்காளுக்குப் போனப் போட்டு, நாளைக்கு நாலு மணிக்கு உன்ற ஊட்டு மேல பிளேன்ல வாரோம், வெளிய வந்து பாருன்னு சொல்லிப்போட்டேன். அவளுஞ் சிரிச்சா.

"எங்க எறங்குவீங்க?"

"உன்ற கேரட்டுக் காட்டுலதான்" னேன்.

அவளும் பதிலுக்குக் கிண்டல் பண்றான்னு நெனச்சேன். சின்னதுல இருந்தே நாங்க அப்படித்தான். மறுநாளு பேசுனப்ப, மேகமா இருந்துச்சு, கண்ணுக்குத் தெரியலைன்னா. நாளைக்குப் பாருன்னேன். போயிப் பாத்துட்டு வந்தாப்பலயே எனக்கு மனசு நெறைஞ்சு போச்சு. அதுக்கப்பறம் பஸ்ஸப் பத்தி நான் பேசவே இல்ல.

ஒம்பதா நாளு, அவ போயிட்டான்னு போன் வந்துச்சு. அதே ரோட்டுலதான் ஜீப்புல போனேன். வாந்தி கீந்தி ஒண்ணும் வரல.

அவ காட்டுல கேரட்டு பச்சைப் பசேல்னு நிக்குது. வாசலுக்கு நேரா மட்டும் நாலு பாத்தி வெறும் மண்ணு. வெரல் தண்டி பிஞ்சுக் கேரட்டு வரப்பு மேல வாடிக் கெடந்துச்சு. என்னன்னு அவ மருமகளக் கேட்டேன். நாங்க வேலைக்குப் போன நேரத்துல அத்தை தூறல்ல நின்னு தன் கையாலயே புடுங்கிப் போட்டுட்டாங்க, தங்கச்சி பிளேனுக்கு எறங்க எடம் வேணும்னாங்கன்னு சொன்னா. சாயங்காலமானா கம்பளியப் போத்திக்கிட்டு வெளியவே உக்காந்திருப்பாளாம். ஏதாவது சத்தம் கேட்டா எந்திரிச்சு நிப்பாளாம்.

அப்பறம் அந்தப் புள்ள என்ற மூஞ்சியப் பாத்து, "நெசமாவே பிளேன்லயா வரதா இருந்தீங்க, சின்னத்தை?" ன்னு கேட்டா.

ஆமா கண்ணு, மேகமா இருந்துச்சு, எறங்க முடியலைன்னேன். பொணத்தை வெச்சுக்கிட்டு அப்படிச் சொன்னேன் புள்ள.

அவளும் படிக்கல, நானும் படிக்கல. கெளவி வெவரம் தெரியாம ஏமாந்துட்டான்னு அங்க பேசிக்கிட்டாங்க. அவ என்ன ஏமாந்தா? கூடப் பொறந்தவ சொன்னத நம்புனா. நாந்தான் ஒரு பொட்டிக்குக் கையக் காட்டிப்போட்டு, அக்காளப் பாத்துட்டேன்னு ஊட்டுலயே உக்காந்துக்கிட்டேன்.

இரு, குழாயில தண்ணி சத்தம் கேக்குது. கொடத்த வெச்சுட்டு வாரேன், உட்டா நின்னு போயிரும்.