முடிவு செய்தது யார்

கல்லூரி அலுவலகத்தில் பதினோரு வருடம் தட்டச்சு வேலை பார்த்துவிட்டு, முப்பத்தெட்டு வயதில் அதே கல்லூரியில் ஆங்கில ஆசிரியர் பயிற்சிக்குச் சேர்ந்தாள் அவள். உடன் படித்தவர்கள் எல்லாம் சின்ன வயதுப் பெண்கள். 'டைப்பிஸ்ட் அக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள்.

இரண்டாம் பருவத்தில் சொல்லாடல் பகுப்பாய்வு என்றொரு பாடம். எழுத்தைப் படித்தால் மட்டும் போதாது. யார் சொல்கிறார்கள், யாரை மறைக்கிறார்கள், அதனால் யாருக்கு லாபம் என்று கேட்க வேண்டும் என்றார் விரிவுரையாளர். இந்தக் கண் இல்லாவிட்டால், பாடப்புத்தகத்தில் இருப்பதை அப்படியே பிள்ளைகள் தலையில் கொட்டிவிட்டு வருவீர்கள் என்றும் சொன்னார். அவளுக்கு அது மனதில் தைத்தது.

ஆளுக்கொரு ஆங்கில வாசகத்தை எடுத்து அலசச் சொன்னார். மற்றவர்கள் முகக் க்ரீம் விளம்பரம், சோப்பு விளம்பரம் என்று போனார்கள். அவள் எடுத்தது பெண்கள் கழிப்பறைக் கதவில் ஒட்டியிருந்த ஆங்கில அறிவிப்பை. 'கழிப்பறை தவறாகப் பயன்படுத்தப்படுவது கவனத்துக்கு வந்துள்ளது. எனவே மதியத்துக்குப் பின் பூட்டிவைக்க முடிவு செய்யப்பட்டுள்ளது.'

தவறாகப் பயன்படுத்தியது யார்? முடிவு செய்தது யார்? இரண்டு வாக்கியத்திலும் ஆளே இல்லை. ஆனால் அவளுக்கு ஆளைத் தெரியும். மூன்று வருடத்துக்கு முன் முதல்வர் சொல்லச் சொல்ல அதை அடித்ததே அவள்தான். கழிப்பறை கழுவிக்கொண்டிருந்த துப்புரவுக்கார அம்மாவை வேலையை விட்டு நிறுத்தியிருந்தார்கள், கழுவ ஆளில்லை. அதைச் சொல்ல மனமில்லாமல் பழியைப் பெண்கள் தலையில் கட்டினார்கள். மதியத்துக்குப் பின் பூட்டிவிடுவார்களே என்று காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருந்த பெண்களோ, தப்பு தங்களுடையது என்றே நம்பினார்கள். அத்தனையையும் எழுதிக் கொடுத்தாள்.

விரிவுரையாளர் தனியே கூப்பிட்டார். "நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. வேற ஏதாவது விளம்பரத்தை எடுத்துக்கோங்களேன்."

"ஏன் சார்?"

"இதெல்லாம் பரீட்சைக்குத்தாம்மா."

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"க்ரீம் விக்கிறவன மட்டும்தான் கேள்வி கேக்கணும், உங்களுக்குச் சம்பளம் குடுக்கிறவரக் கேக்கக் கூடாது. அப்படித்தானே சார்?"

அவள் ஒரு வரியைக்கூட மாற்றவில்லை. அவர் நூற்றுக்கு ஐம்பது போட்டு, 'தலைப்பு பொருத்தமற்றதாகக் கருதப்படுகிறது' என்று ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுத்தார்.

அந்தத் தாள் விடுதியில் கைமாறிக் கைமாறிக் கிழிந்தே போனது. ஒரு மதியம் பதினெட்டுப் பெண்கள் முதல்வர் அறை வாசலில் போய் நின்று கழிப்பறைச் சாவியைக் கேட்டார்கள். இரண்டு வாரம் இழுத்தடித்துவிட்டுப் பூட்டைத் திறந்தார்கள். மன்னிப்பு என்று யாரும் வாய் திறக்கவில்லை. துப்புரவு அம்மாவைத் திரும்பக் கூப்பிடவும் இல்லை.

பெண்கள் ஜெயித்துவிட்டதாகத் துள்ளினார்கள். அவளால் முடியவில்லை. இப்போது ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறாள். அந்தப் பேச்சு வந்தால் இன்றைக்கும் அவள் குரல் ஏறிவிடும்.