டாங்கிக்கும் ஒரு பொட்டு

பிளாஸ்டிக் டாங்கி விற்பவனுக்கு எதிரி போர்க்களத்தில் இல்லை, கடைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருவார். ஜொகூர் பாரு பக்கம் தெப்ராவில் ஒன்பது வருடமாக உலகப்போர் வண்டிகளின் சிறு மாதிரிகள் விற்கிறேன். பெட்டியில் பாகங்கள் தனித்தனியாக இருக்கும். வாங்குபவர்தான் ஒட்டிச் சேர்க்க வேண்டும். கடை வைத்து நொந்தவர்களே, என் பாட்டைக் கொஞ்சம் கேளுங்கள்.

ஓடாத வண்டி

பக்கத்து ஊர் மாசாயில் தொழிற்சாலை சூப்பர்வைசராக இருக்கும் ஒருவர் டாங்கி வாங்கினார். சக்கரம் சுழலும் இடத்தில் பசை படக்கூடாது என்று மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் தலையாட்டினார். மறுநாள் சூப்பர் குளூவில் குளித்த டாங்கியோடு வந்து நின்றார். சக்கரம், பீரங்கி, மேல்மூடி எதுவும் அசையவில்லை. ஓட்டுநர் பொம்மை தலைகீழாக ஒட்டியிருந்தது. முழுத் தப்பும் என்னுடையது என்பது போல் அதை மேசையில் வைத்தார்.

"அண்ணே, வேற மாத்திக் குடுங்க. இது ஓட மாட்டேங்குது லா."

கழுவாத வண்டி

ஜொகூர் பாரு பேரங்காடி ஒன்றில் வருடந்தோறும் மாடல் போட்டி நடக்கும். இரண்டு வருடம் வெறுங்கையோடு திரும்பியவன் நான். இந்த முறை விடுவதில்லை என்று ஐந்து மாதம் ஒரே டாங்கியோடு மல்லுக்கட்டினேன். சக்கரத்துச் சேறு மட்டும் ஆறு பூச்சு. அதைக் கண்ணாடி அலமாரியில் வைத்திருந்தேன்.

ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் பரிசுப்பொருள் வாங்க வந்தவர், அதன் முன்னால் நின்றுவிட்டார். பாராட்டப் போகிறார் என்று நானும் பல்லைக் காட்டிக்கொண்டு அருகே போனேன்.

"ஏன் தம்பி, இவ்ளோ அழுக்கா வச்சிருக்கீங்க? கழுவுன வண்டி ஒன்னு இல்லையா?"

ஆயுத பூஜை

போட்டிக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஆயுத பூஜை வந்தது. பக்கத்து வரிசைக் கடைக்குப் பூ வாங்கக் கிளம்பும்போது, வண்டிக்கெல்லாம் பொட்டு வைத்துவிடு என்று என் மனைவி கலாவிடம் சொல்லிவிட்டுப் போனேன். நான் நினைத்தது வாசலில் நின்ற வேனையும் மோட்டார் சைக்கிளையும்.

திரும்பி வந்தால் என் டாங்கியின் முகப்பில் சந்தனம், நடுவில் குங்குமம். வார்னிஷ் இன்னும் அடிக்கவில்லை, அதனால் பெயிண்ட் ஈரத்தை அப்படியே குடித்துவிட்டது. பஞ்சால் ஒற்றியதில் பொட்டு பரவி செம்பழுப்புத் திட்டாகிவிட்டது. மறுபடி பூச நாளில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. சக்கரத்தடியில் நாலு குட்டிப் பழங்கள் வேறு. கத்தித் தீர்த்தேன். கலா அசரவில்லை.

"வண்டிக்கெல்லாம்னு நீங்கதானே சொன்னீங்க? எலுமிச்சங்கா பெருசா இருக்கும்னு அத விடச் சின்னதா லிமாவ் கஸ்தூரி தேடி வச்சேன்."

நடுவர்

வேறு வழியில்லாமல் அப்படியே கொண்டுபோனேன். கலாவும் கூட வந்தாள். நடுவர் ஒரு சிங்கப்பூர்த் தமிழர், லாரிப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பூதக்கண்ணாடியோடு குனிந்து, சேறு பரவாயில்லை என்றார். ஐந்து மாத உழைப்பு, பரவாயில்லையாம். பிறகு அவர் கண்ணாடி முகப்புத் திட்டில் வந்து நின்றது. பழைய இரும்பில் துரு இப்படித்தான் பிடிக்கும், இந்த நிறத்தை எப்படிக் கொண்டுவந்தீர்கள் என்று என்னைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் கலா முந்திக்கொண்டாள்.

"அது நான் வச்சது சார்."

மூன்றாம் பரிசுக் கேடயம் இப்போது கடைச் சாமி படத்தருகே நிற்கிறது, வெள்ளிக்கிழமைதோறும் அதற்கும் ஒரு பொட்டு விழுகிறது.