முன்கூட்டிப் போட்ட கையெழுத்து

அண்ணனை வேலையிடத்தில் எல்லோரும் மொட்டைமாடி என்றுதான் கூப்பிடுவார்கள். லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் முதலில் உச்சியில் இருக்கும் மோட்டார் அறைக்கு ஏறிவிடுவார். சாப்பாட்டு டப்பாவைக்கூட அங்கேதான் திறப்பார். வீட்டிலும் அப்படித்தான், ஏதாவது சத்தம் கேட்டால் தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்பார். "பேரிங் தேஞ்சிருக்கு" என்பார். பக்கத்து வீட்டு மிக்சியாக இருக்கும்.

"ஊர்ல இருக்கிற லிஃப்டெல்லாம் நல்லா ஓடுது. நம்ம வீட்டு ஃபேன்தான் ஒரு மாசமா முனகுது" என்பாள் அண்ணி.

"அது முனகல் இல்லை, பாட்டு" என்பார் அண்ணன்.

இப்படிப் பேசிக்கொண்டிருந்த வீடுதான்.

ஒவ்வொரு லிஃப்டுக்குள்ளும் பிளாஸ்டிக் உறையில் ஓர் அட்டை தொங்கும். மாதத்துக்கு ஒன்று. வாரம் ஒரு கட்டம், நான்கு கட்டம். மெக்கானிக் வந்து பார்த்தால் அந்த வாரத்துக் கட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ஆனால் மேலே வேலை பார்த்த கையெல்லாம் கிரீஸ். அட்டையில் கறை பட்டால் மேனேஜர் கத்துவார். அதனால் மாதத்தின் முதல் நாளே, ஆபீசில் பெரிய மேஜையைச் சுற்றி ஒன்பது பேரும் உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டே எல்லா அட்டைகளிலும் நான்கு கட்டத்தையும் நிரப்பிவிடுவார்கள். யார் முன்னால் எந்த அட்டைக் கட்டு வருகிறதோ அதில் அவர் கையெழுத்து. பிறகு யாருக்கு எந்தக் கட்டடமோ அவர் போய் வேலையைச் செய்வார். செய்யாமல் விட்டதில்லை. அதனால் யாருக்கும் அது தப்பாகப் படவில்லை.

ஒரு மாதக் கடைசி வாரம், ஸ்பேனர் என்று கூப்பிடப்படும் மெக்கானிக்கின் மகளுக்குக் காய்ச்சல் முற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவர் பார்க்க வேண்டிய ஆறு மாடிக் கட்டடத்துக்கு அந்த வாரம் யாரும் போகவில்லை. அவர் சொல்ல மறந்தார், மற்றவர்கள் கேட்க மறந்தார்கள். இருபத்தொன்பதாம் தேதி, பிரேக் பிடிக்காமல் அந்த லிஃப்ட் இரண்டாம் மாடியிலிருந்து கீழே போய் மோதியது. உள்ளே ஒரே ஒருவர்தான். ஐந்தாம் மாடியில் கணக்கு டியூஷன் எடுக்கும் டீச்சர். இடுப்பெலும்பு முறிந்தது.

அட்டையில் நான்காவது கட்டத்தில் இருந்தது அண்ணனின் கையெழுத்து.

கவனக்குறைவால் படுகாயம் என்று வழக்கு. நாற்பது நாள் உள்ளே இருந்தார். ஜாமீனில் வந்தபோது கம்பெனி அவரை நீக்கியிருந்தது, லைசென்சை நிறுத்திவைத்திருந்தார்கள். அதன் பிறகு வாய்தாதான். சாட்சி வரவில்லை, வக்கீல் வரவில்லை, நீதிபதி மாறிவிட்டார் என்று மூன்று வருடம். அண்ணிக்கு மருந்துக் கம்பெனியில் பேக்கிங் வேலை, லீவு கிடைக்காது. வீட்டில் சட்டைக்குப் பட்டன் தைக்கும் நான்தான் கூடப் போவேன். கோர்ட் மூன்றாவது மாடியில். அண்ணன் ஒரு நாளும் கோர்ட் லிஃப்டில் ஏறவில்லை. படியேறி, மரப்பெஞ்சில் உட்கார்ந்து, பேரைக் கூப்பிட்டதும் எழுந்து, அடுத்த தேதியை வாங்கிக்கொண்டு இறங்குவோம்.

டீச்சரும் வருவார். கைத்தடியோடு எதிர்ப் பெஞ்சில் உட்காருவார். இரண்டாவது ஆபரேஷன் பாக்கி என்றும், நஷ்டஈடு வந்தால்தான் அது நடக்கும் என்றும் பியூனிடம் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்திருக்கிறது.

மூன்றாவது வருட முடிவில் எங்கள் வக்கீல் அம்மா ஒரு வழி சொன்னார்.

"குத்தத்தை நீங்களே ஒப்புக்கிட்டா ஜெயில் இல்லாம முடிச்சிக்கலாம். எதிர்த்தரப்பும் சரின்னுட்டாங்க. கம்பெனி இன்ஷூரன்ஸ் டீச்சருக்கு நஷ்டஈடு கொடுத்துடும். உங்க லைசென்ஸ் மட்டும் ரத்தாகும்."

"எதைம்மா ஒப்புக்கணும்?"

"அந்த வாரம் மேல போய்ப் பார்த்தீங்க, பிரேக் தேஞ்சதைக் கவனிக்காம வந்துட்டீங்கன்னு."

அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் போகவே இல்லையேம்மா. போயிருந்தா கவனிக்காம விட்டிருப்பேனா?"

வக்கீல் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கும் தூக்கமில்லாத முகம். "அதைச் சொன்னா அது வேற கேசு. பொய்க் கையெழுத்து. அந்த மேஜையில உட்கார்ந்த ஒன்பது பேரும் வருவாங்க. இன்னும் ரெண்டு வருஷம் ஆகும். ஜெயிக்கலாம், தோத்தா ரெண்டு வருஷம் உள்ள. டீச்சரும் அது வரைக்கும் காத்திருக்கணும். யோசிச்சுச் சொல்லுங்க."

வீட்டில் அண்ணி சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள். "இதுல யோசிக்க என்ன இருக்கு? ஸ்கூல்ல அப்பாவோட வேலை என்னன்னு கேட்டதுக்கு உங்க பொண்ணு, கோர்ட்டுக்குப் போறதுன்னு எழுதியிருக்கா."

"சரியாத்தானே எழுதியிருக்கா."

"சிரிக்காதீங்க. எனக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை."

அண்ணன் சிரிப்பை நிறுத்தினார். "மத்தது எதையும் ஒப்புக்குவேன். வேலை தெரியாதவன்னு ஒப்புக்கணுமே" என்றார். அண்ணி குழம்புக் கரண்டியைச் சட்டிக்குள் வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவ்வளவுதான்.

மறுநாள் ஸ்பேனர் வந்தார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக நின்றார்.

"மாடி, என் பேரு வருமா?"

"உன் பொண்ணு எப்படிடா இருக்கா?"

"ஓடியாடுறா."

"அப்புறமென்ன, போ."

அடுத்த மாதம் மூன்றாம் தேதி எங்களைக் கூப்பிட்டார்கள். நீதிபதி எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தி, அண்ணனைத் தனியாகக் கேட்டார். நான் பெஞ்சில் இருந்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. என்ன கேட்டார் என்று அண்ணன் பிறகு சொன்னார்.

"யாராவது மிரட்டினாங்களா, யாராவது ஆசை காட்டினாங்களா, புரிஞ்சுதான் சொல்றீங்களான்னு மூணு கேள்வி. நல்ல மனுஷன், பொறுமையாத்தான் கேட்டார். நாலாவதா ஒண்ணு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

நாலாவது கேள்வி வரவில்லை. இரண்டு இடத்தில் கையெழுத்து வாங்கினார்கள், முடிந்தது. வெளியே வந்தவர் என் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டில் தண்ணீரை முழுவதும் குடித்தார். தோள் இரண்டும் இறங்கின. மூன்று வருடமாக அவை தூக்கியே இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். பொய் சொல்லிவிட்டு வந்த மனிதருக்கு அப்படி ஒரு நிம்மதி. அதைப் பார்த்து எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

டீச்சர் தடியை ஊன்றி எழுந்து எங்களிடம் வந்தார்.

"முடிஞ்சிருச்சாம். ஆபரேஷனுக்குத் தேதி வாங்கலாம்னாங்க. ஒண்ணு மட்டும் கேக்கணும் தம்பி. மூணு வருஷமா இங்க யாராவது அதை விசாரிப்பாங்கன்னு பார்த்தேன். அந்த வாரம் மேல போய்ப் பார்த்தீங்களா?"

அண்ணன் வாயைத் திறந்தார். வக்கீல் அம்மா பின்னாலிருந்து, "இப்ப எதுவும் பேச வேணாம்" என்றார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். டீச்சர் திரும்பி லிஃப்ட் பக்கம் நடந்தார். வக்கீல் அம்மா அடுத்த கட்சிக்காரரிடம் போய்விட்டார்.

நாங்கள் படியில் இறங்க அந்தப் பக்கம்தான் போக வேண்டும். லிஃப்ட் வந்து கதவு திறந்தது. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு காலை எடுத்துவைத்தார். அண்ணன் நின்றுவிட்டார். உள்ளே தொங்கிய அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் எட்டிப் பார்த்தேன். அந்த மாத அட்டை. தேதி மூன்றுதான் ஆகிறது. நான்கு கட்டத்திலும் கையெழுத்து இருந்தது, கறையில்லாமல்.

மூடப்போன கதவில் அண்ணன் கையை வைத்தார்.

"டீச்சர், இதைப் பாருங்க."

டீச்சர் கண்ணைத் திறந்து அட்டையைப் பார்த்தார். கணக்கு டீச்சர் அல்லவா, விரலை ஒவ்வொரு கட்டமாக வைத்துக்கொண்டு போய்க் கடைசிக் கட்டத்தில் நிறுத்தினார்.

"இன்னும் வராத வாரத்துக்கா?"

"இப்படித்தான் டீச்சர்."

"அப்போ நீங்க போகவே இல்லை."

"போகலை. யாருமே போகலை."

கதவு அண்ணன் கையில் இடித்து இடித்துத் திறந்தது. டீச்சர் திட்டுவார் என்று நினைத்தேன். அழுவார் என்றும் நினைத்தேன். தடியை வெளியே ஊன்றி, மெதுவாக இறங்கி வந்தார்.

"எத்தனை படி?"

"அறுபத்தாறு" என்றார் அண்ணன். டீச்சரின் பையை வாங்கி என்னிடம் கொடுத்துவிட்டு, ஒரு படி முன்னால் இறங்கி நின்று தோளைக் காட்டினார். டீச்சர் அந்தத் தோளைப் பார்த்தார். பிறகு கைப்பிடிக் கம்பியையே பிடித்துக்கொண்டு முதல் படியில் காலை வைத்தார்.