சலேஹா வீட்டு உத்தரங்கள்

பாயான் பாரு தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருஷம் பூதக்கண்ணாடிக்குக் கீழே சர்க்யூட் பலகைகளைச் சோதித்தவள் சலேஹா. கண்ணால் பார்க்காமலேயே 'ஓகே' போடுகிறவர்களை அவள் ஒரு ஆளாகவே மதிப்பதில்லை. அப்படிப்பட்டவர்களில் முதல் ஆள் அவளுடைய அண்ணன் ஜபருல்லா.

குயின் ஸ்ட்ரீட்டை ஒட்டிய சந்தில் வாப்பா விட்டுப்போன பழைய கடைவீடு. கீழே அண்ணனின் துணிக்கடை. மேலே, கணவர் இறந்தபின், சலேஹா தனியாக இருந்தாள். அண்ணன் குடும்பம் வேறு இடத்தில். கடையில் இருக்கும் அவருக்குப் பகல் சாப்பாடு மட்டும் அவள் சமையலிலிருந்து கீழே போகும். மேல்தளத்துக்கு அவர் செய்ததெல்லாம் ஒன்றுதான்: பெருநாளுக்குப் பெருநாள் பழைய பிளாஸ்டிக் விரிப்பின் மேல் புது விரிப்பு. பளபளப்பு அவருக்குப் போதும். கீழே என்ன இருக்கிறது என்று குனிந்து பார்க்கிற வழக்கம் பிறந்ததிலிருந்தே கிடையாது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருஷம் அவளுடைய அலமாரிக் கதவு தானாகத் திறந்துகொள்ள ஆரம்பித்தது. தரை சாய்கிறது என்று அண்ணனிடம் சொன்னாள். பழைய வீடென்றால் அப்படித்தான் இருக்கும் என்றார். அவள் விடவில்லை. கடைசியில் அண்ணன் ஒரு கான்ட்ராக்டரை அழைத்து வந்தார். அந்த மனிதன் வாசற்படியில் நின்று போனைப் பார்த்தபடியே, மேலே ஒட்டுப்பலகை போட்டு டைல்ஸ் பதித்துவிடலாம் என்றான். அவ்வளவு பாரத்தை அடியில் இருக்கிற மரம் தாங்குமா என்று கேட்டவள் சலேஹா. பதில் போனது அண்ணனுக்கு. இப்படி ஒருவன் தன் தொழிற்சாலையில் அரை நாள் தாக்குப்பிடித்திருக்க மாட்டான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் விரிப்பைச் சுருட்டி, சுவரோரமாக இரண்டு தரைப் பலகைகளைத் தானே நெம்பி எடுத்தாள். உத்தரத்தில் ஸ்க்ரூ டிரைவரைக் குத்தினாள். பிடிவரை இறங்கியது. உள்ளே கரையான் மண்தான் இருந்தது. எட்டு உத்தரங்களில் ஐந்து, சுவருக்குள் நுழைகிற முனையில் வெறும் கூடு. ஐந்திலும் சாக்பீஸால் குறி போட்டாள்.

அவள் கூப்பிட்ட தச்சர் யுகேந்திரன் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, குப்புறப் படுத்து ஒவ்வொரு முனையையும் தட்டிப் பார்த்தார். "சரியாத்தான் குறிச்சிருக்கீங்க அக்கா," என்றார். சலேஹாவுக்கு அவரைப் பிடித்துப்போனது.

கீழே கடைக்குள் இரும்புக் கால்களால் முட்டுக் கொடுத்தால்தான் மேலே அறுக்க முடியும். ஒன்பது நாள் கடையை மூட வேண்டியிருந்தது. தங்கச்சி தன் பிழைப்பைக் கெடுக்கிறாள் என்று ஜபருல்லா தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

முட்டுக் கொடுக்க இடம் தேடியபோதுதான், கடையின் துணி அலமாரிகள் பக்கவாட்டுச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி நிற்பதை யுகேந்திரன் கவனித்தார். பின்னால் டார்ச் அடித்தார். மழைநீர்க் குழாய் வெடித்து, சுவர் மேல்வரை ஊறிப் பாசி பிடித்திருந்தது. அந்த ஈரத்தில்தான் கரையான் ஏறியிருக்கிறது.

சலேஹா அண்ணனைப் பார்த்தாள். "எப்போ தள்ளி வெச்சீங்க?"

"அது... மூணு வருஷம் இருக்கும். சரக்கு நனைஞ்சிரக் கூடாதுன்னுதான்லா."

"நான் மேலதானே அண்ணே படுத்திருந்தேன்."

ஜபருல்லா சாவிக்கொத்தை உருட்டிக்கொண்டு நின்றார். அதுவரை அவரை முட்டாள் என்றுதான் எண்ணியிருந்தாள். முட்டாளாக மட்டுமே இருந்திருந்தால் தேவலை. கைலிகளைக் காப்பாற்றத் தெரிந்த மனிதருக்கு, தலைக்கு மேலே உடன்பிறந்தவள் நடக்கிற சத்தம் மூன்று வருஷமாகக் கேட்கவே இல்லை. அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. வெற்றிலைக் கறை பார்த்தது மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முதலில் குழாயை மாற்றினார்கள். பிறகு யுகேந்திரன் மக்கிய முனைகளை நல்ல மரம் தெரியும்வரை அறுத்தெறிந்து, மருந்தடித்து, இரு பக்கமும் கெட்டி மரத்தை வைத்துப் போல்ட் போட்டு இறுக்கினார். சலேஹா டார்ச்சோடு ஒவ்வொரு போல்டாகச் சோதித்தாள். நான்காவது உத்தரத்தில் ஒன்று தளர்ந்திருந்தது. அவர் முகம் கோணாமல் வந்து இறுக்கிக் கொடுத்தார்.

கடை திறந்ததும், வீட்டைத் தான் பழுதுபார்த்ததாக ஜபருல்லா வாடிக்கையாளர்களிடம் சொல்ல ஆரம்பித்தார். படியில் இறங்கும்போது சலேஹாவின் காதில் விழும். நின்று மறுக்கிற அளவுக்குக்கூட அவரை அவள் பொருட்படுத்தவில்லை. பகல் சாப்பாடு மட்டும் முன்போலவே கீழே போகிறது, மூடிய டிபன் கேரியரில். அதைக் கல்லா மேசையில் வைத்துவிட்டு, வந்த கையோடு அவள் மேலே ஏறிவிடுவாள்.