சூரியன் மேல் போட்ட பழி

சூரியனில் புயல் அடித்தால் கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு புளியமரம் சாயும் என்று யாராவது சொல்லியிருந்தால், போய் வேலையைப் பாருய்யா என்று சிரித்திருப்பேன். சாய்ந்தது. சாய்த்தவன் நான். கோடாலியைத்தான் தொடவில்லை.

நான் நிலம் அளக்கிறவன். திருவண்ணாமலையில் ஒரு சின்ன அறை, வாசலில் போர்டு. இப்போதெல்லாம் சங்கிலி இழுப்பதில்லை. கம்பத்தின் தலையில் ஒரு கருவி, செயற்கைக்கோள்களிடம் கேட்டு நான் நிற்கும் இடத்தை விரலகலத் துல்லியத்தில் சொல்லிவிடும். இடம் உறுதியானால் திரையில் 'ஃபிக்ஸ்' என்று பச்சையில் வரும். தடுமாறினால் 'ஃப்ளோட்' என்று மஞ்சளில் வரும். மஞ்சளில் கல் நடக் கூடாது. காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் வேறொரு வேளையில் வந்து மறுபடி அளக்க வேண்டும். தொழிலில் முதல் பாடமே அதுதான்.

கணவரை இழந்த ஒரு அக்காவும் அவருடைய கொழுந்தனாரும் சேர்ந்துதான் என்னைக் கூப்பிட்டார்கள். மல்லாட்டைக் கொல்லை, வேர்க்கடலை போடும் நிலம், ஆளுக்குப் பாதி. நடுவிலிருந்த எல்லைக்கல் டிராக்டரில் அடிபட்டு எங்கேயோ போய்விட்டது. எல்லையை ஒட்டி ஒரு பெரிய புளியமரம். அக்காதான் வருஷா வருஷம் அதை உலுக்கி, கொட்டை எடுத்து, சந்தையில் விற்று வந்தார். மகளின் நர்சிங் படிப்பு அதில்தான் ஓடியது. மரம் தன் பக்கம் என்றார் கொழுந்தனார். மிஷின் சொல்வதற்கு இரண்டு பேருமே கட்டுப்படுவதாகப் பேச்சு.

அன்றைக்குப் பௌர்ணமி. எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும், கிரிவலக் கூட்டம் சேருவதற்குள் ஊருக்குள் நுழைந்துவிட வேண்டும். தாமதித்தால் வண்டியை எங்கேயோ மறித்துவிடுவார்கள், கருவியைத் தோளில் சுமந்துகொண்டு நடக்க வேண்டியதுதான். அதனால் பௌர்ணமியன்று நான் வேலை ஒப்புக்கொள்வதில்லை. சின்ன வேலைதானே என்று அன்று ஒப்புக்கொண்டேன். காலையில் டீ குடிக்கும்போது செல்போனில் செய்தி. சூரியனில் பெரிய வெடிப்பாம், செயற்கைக்கோள் சிக்னல் தடுமாறலாமாம், லடாக் பக்கம் வானமே சிவந்துவிட்டதாம். 'இன்னிக்கு வெயில் ஜாஸ்தி' என்று எழுதி, தொழில்கார நண்பர்களுக்கு அனுப்பிச் சிரித்தேன்.

மரத்தருகே கம்பத்தை நிறுத்தினேன். மஞ்சள். கருவியை அணைத்துப் போட்டேன். மஞ்சள். ஒரு கணம் பச்சை எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி மஞ்சளானது. கிளை மறைக்கிறது, அதனால்தான் சிக்னல் கம்மி என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கிளையே இல்லாத வெட்டவெளி முனையிலும் மஞ்சள்தான் காட்டியது என்பதை வசதியாக மறந்தேன். மணியைப் பார்த்தேன். திரையில் நின்ற எண்ணை வைத்தே சுண்ணாம்புக் கோடு போட்டுக் கல்லை நடச் சொன்னேன். மரம் கொழுந்தனார் பக்கம் போனது.

அக்கா கல்லைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார்.

"சரியா பாத்தீங்களா தம்பி?"

"கரெக்டா இருக்குக்கா."

வழி மறிப்பதற்குள் ஊருக்குள் நுழைந்துவிட்டேன், அந்தச் சந்தோஷம் வேறு. அடுத்த வாரமே கொழுந்தனார் மரத்தை வெட்டிச் சூளைக்கு ஏற்றிவிட்டார்.

சில மாதம் கழித்துப் பக்கத்துக் கொல்லையை அளக்கப் போனேன். எடுத்ததுமே பச்சை. மனசு அரிக்க, நான் நட்ட கல்லின் மேல் கம்பத்தை வைத்துப் பார்த்தேன். மூன்றரை அடி தப்பு. மத்தியானம் பார்த்தேன், சாயங்காலமும் பார்த்தேன். அதே மூன்றரை அடி. மரம் அக்காவுடையது. தரையோடு தரையாக வெட்டிய அடிக்கட்டைதான் அங்கே இருந்தது.

வீட்டுக்கு வந்து சூரியப் புயலைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். சூரியன் கக்குவது இங்கே வந்து மேல்வானத்துக் காற்றடுக்கைக் கலக்கிவிடுமாம். அதன் வழியாக வரும் சிக்னல் குழம்பிவிடுமாம். தென்னாட்டில் அந்தத் தொல்லை கொஞ்சம் கூடுதலாம். அப்பாடா என்றிருந்தது. குற்றவாளி கிடைத்துவிட்டான், அதுவும் கையில் சிக்காத தூரத்தில். அந்த அப்பாடாவை இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

இரண்டு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. பிறகு தாங்காமல் போனேன். கொழுந்தனார் கல்லைத் தள்ளி நட மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார். மரம்தான் எரிந்து முடிந்துவிட்டதே. அக்கா வாசலில் உட்கார்ந்து கூலிக்கு யாருடைய புளியையோ கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். நான் சூரியனில் தொடங்கினேன். வெடிப்பு, காற்றடுக்கு, சிக்னல் எல்லாம் சொன்னேன். மூச்சு விடாமல் பேசினேன். அவர் கை நிற்காமல் கேட்டார்.

"அன்னிக்கு அந்த மிஷினு ஒண்ணும் சொல்லலியா தம்பி?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவருக்கு எப்படித் தெரியப்போகிறது?

"சொல்லுச்சுக்கா. மஞ்சள் காட்டுச்சு. நான்தான் கண்டுக்கல."

அவர் கை நின்றது.

"அப்புறம் எதுக்கு சூரியன் மேல பழி போடறீங்க?"

அவர் அடுத்த புளியை எடுத்துப் பிளந்தார். நான் கல்லை மாற்றி நடக் கொல்லைக்குப் போனேன். பளிச்சென்ற பச்சையில், சரியான இடத்தில் நட்டேன். அடிக்கட்டை இப்போது அக்காவின் பக்கம் இருக்கிறது.